டிரைவிங் லைசென்ஸ் ரினியூவல்: எத்தனை வருடம் செல்லும், புனேயில் இருந்தபடி தமிழ்நாட்டு லைசென்ஸைப் புதுப்பிப்பது எப்படி?

காலேஜில் படிக்கும்போது ஊரில் எடுத்த லைசென்ஸ். அதே கார்டை பர்ஸில் வைத்துக்கொண்டு வேலைக்காக புனே வந்து பல வருடம் ஆகிவிட்டது. வாகடிலோ கராடியிலோ வாடகை வீடு, தினமும் ஆபீசுக்கு பைக் அல்லது கார். ஒருநாள் சிக்னலில் டிராஃபிக் போலீஸ் கைகாட்டி நிறுத்தும்போதுதான் கார்டில் இருக்கும் தேதியைப் பார்க்கிறோம். அது போன மாதமே முடிந்திருக்கிறது.

"ஒரு மாசம் டைம் இருக்குல்ல?" என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. 2019 வரை இருந்த அந்த 30 நாள் சலுகை இப்போது சட்டத்தில் கிடையாது. "ஊருக்குப் போய்த்தான் ரினியூ பண்ணணுமா?" என்றால், அதுவும் தேவையில்லை. புனேயில் இருந்தபடியே செய்யலாம். ஆனால் அதற்கு முன் சரிசெய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: உங்கள் முகவரி.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

லைசென்ஸ் எத்தனை வருடம் செல்லும்?

"20 வருஷம்" என்பதுதான் நம்மில் பலருக்கும் தெரிந்த பதில். அது பழைய கணக்கு. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 14-வது பிரிவு முன்பு சொன்னது இதுதான்: சொந்த உபயோக வாகனங்களுக்கான லைசென்ஸ் 20 வருடம் அல்லது 50 வயது, இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை செல்லும்.

2019-ல் நாடாளுமன்றம் இந்தச் சட்டத்தைத் திருத்தியது. 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய கணக்கில், லைசென்ஸ் எடுக்கும்போது அல்லது புதுப்பிக்கும்போது உங்களுக்கு என்ன வயது என்பதுதான் முக்கியம்.

- 30 வயதுக்குக் கீழ்: 40 வயது ஆகும் நாள் வரை
- 30 முதல் 50 வயதுக்குள்: 10 வருடம்
- 50 முதல் 55 வயதுக்குள்: 60 வயது ஆகும் நாள் வரை
- 55 வயதும் அதற்கு மேலும்: 5 வருடம்

லாரி, பஸ், டாக்ஸி போன்ற போக்குவரத்து வாகனங்களுக்கான லைசென்ஸ் என்றால் வயது எதுவானாலும் 5 வருடம். ஆபத்தான சரக்குகளை ஏற்றிச் செல்லும் வண்டிகளுக்கு 3 வருடம். எல்எல்ஆர் எனும் பழகுநர் உரிமம் 6 மாதம்.

சில உதாரணங்கள். 26 வயதில், 2021-ல் லைசென்ஸ் எடுத்தவருக்கு 40-வது பிறந்தநாள் வரை, அதாவது சுமார் 14 வருடம் கிடைக்கும். 31 வயதில், 2022-ல் எடுத்தவருக்கு 2032 வரை மட்டும்தான். ஒருவர் 29 வயதிலும் அவருடைய நண்பர் 30 வயதிலும் ஒரே நாளில் லைசென்ஸ் எடுத்தால்கூட முடிவுத் தேதிகள் வேறு வேறாக வரும்.

2019 செப்டம்பருக்கு முன் எடுத்த கார்டு வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம். அதில் அச்சிட்டிருக்கும் தேதி வரை அது செல்லும். 2006-ல் 18 வயதில் எடுத்தவருக்கு 2026-லும், 2007-ல் எடுத்தவருக்கு 2027-லும் முடியும். அவர்கள் புதுப்பிக்கும்போது வயது 38 ஆகியிருக்கும் என்பதால் இன்னொரு 20 வருடம் கிடைக்காது, 10 வருடம்தான்.

கார்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். சில கார்டுகளில் இரண்டு முடிவுத் தேதிகள் இருக்கும். 'என்டி' என்று இருப்பது சொந்த உபயோக வண்டிகளுக்கு, 'டிஆர்' என்று இருப்பது போக்குவரத்து வண்டிகளுக்கு. பேட்ஜ் எடுத்திருந்தால் இரண்டையும் தனித்தனியாகக் கவனிக்க வேண்டும்.

30 நாள் சலுகை என்ன ஆனது?

பழைய சட்டத்தில், லைசென்ஸ் முடிந்த பிறகும் 30 நாளுக்கு அது செல்லுபடியாகும் என்று ஒரு வரி இருந்தது. 2019 திருத்தம் அந்த வரியை நீக்கிவிட்டது. ஆக, கார்டில் ஜூன் 10 என்று இருந்தால் ஜூன் 11 அன்று உங்களிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லை.

அப்படியானால் "ஒரு வருஷம் வரைக்கும் ரினியூ பண்ணலாம்" என்று சொல்கிறார்களே? அதுவும் உண்மைதான். ஆனால் அது வேறு விஷயம். சட்டத்தின் 15-வது பிரிவு, முடிவுத் தேதிக்கு ஒரு வருடம் முன்பிருந்தும், முடிந்த பிறகு ஒரு வருடம் வரையும் புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம் என்கிறது. இது விண்ணப்பிப்பதற்கான காலம். வண்டி ஓட்டுவதற்கான அனுமதி அல்ல. பலரும் குழம்புவது இந்த இடத்தில்தான்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. இப்போதைய சட்டப்படி, இந்தக் கால வரம்புக்குள் விண்ணப்பித்தால், புதிய காலம் புதுப்பிக்கப்பட்ட தேதியிலிருந்துதான் தொடங்கும். பழைய கார்டு முடிந்த தேதிக்குப் பின்னோக்கிப் போகாது. ஜூன் 10-ல் முடிந்து, ஆகஸ்ட் 20-ல் புதுப்பித்தால், இடைப்பட்ட 70 நாள் ஓட்டை அப்படியே இருக்கும். அந்த நாட்களில் விபத்து நடந்திருந்தால் பின்னால் வாங்கும் கார்டு அதை மூடாது.

ஒரு வருடமும் தாண்டிவிட்டால்? அப்போது வெறும் ரினியூவல் கிடையாது. மீண்டும் ஓட்டிக் காட்டி, ஓட்டுநர் தேர்வில் தேற வேண்டும். புனேயில் கார் தேர்வு போசரி பக்கம் நாசிக் பாட்டாவில் உள்ள ஓட்டுநர் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனத்தின் தடத்தில் நடக்கிறது. 15 வருடமாக ஓட்டுகிறோம் என்ற நம்பிக்கையில் போகிறவர்களும் அங்கே விதிப்படி ஓட்டிக் காட்டித்தான் ஆக வேண்டும்.

முடிந்த லைசென்ஸுடன் ஓட்டினால் என்ன ஆகும்?

முதலில் அபராதம். செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் சட்டத்தின் 181-வது பிரிவின்படி 5,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வண்டி வேறொருவருடையது என்றால், லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்ததற்காக 180-வது பிரிவில் உரிமையாளருக்கும் 5,000 ரூபாய் அபராதம் வரலாம். ரூம்மேட்டுக்கு பைக் சாவியைக் கொடுப்பவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

ஆனால் நிஜமான அடி இன்சூரன்ஸில்தான் விழும். வாகன இன்சூரன்ஸ் பாலிசியில் ஓட்டுநர் பற்றி ஒரு நிபந்தனை இருக்கும்: விபத்து நடந்த நேரத்தில் ஓட்டியவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் உங்கள் சொந்த வண்டிக்கான சேதத் தொகையை நிறுவனம் மறுக்க வழி பிறக்கிறது.

எதிரில் வந்தவருக்கு அடிபட்டால்? 2004-ல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் பாதிக்கப்பட்டவர் பக்கம் நின்றது. லைசென்ஸ் இல்லை என்று சொல்லிவிட்டு மட்டும் நிறுவனம் தப்பிக்க முடியாது, உரிமையாளர் தரப்பில் நிபந்தனை மீறல் இருந்ததை நிரூபிக்க வேண்டும் என்றது. அதே சமயம், நிறுவனம் முதலில் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு அந்தப் பணத்தை உரிமையாளரிடமிருந்து வசூலிக்கும் வழியையும் திறந்து வைத்தது. விபத்து வழக்குகளில் இழப்பீடு பல லட்சங்களில் போகும். சில நூறு ரூபாய் செலவாகும் ஒரு ரினியூவலைத் தள்ளிப்போட்டதற்கு இது பெரிய விலை.

புனேயில் இருந்துகொண்டு தமிழ்நாட்டு லைசென்ஸைப் புதுப்பிக்கலாமா?

புதுப்பிக்கலாம். இந்தியாவில் எங்கே எடுத்த லைசென்ஸும் நாடு முழுவதும் செல்லும். புனேக்கு வந்ததற்காக மட்டும் அதை மாற்ற வேண்டியதில்லை. புதுப்பிக்கும் நேரத்திலும், முதலில் வழங்கிய அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. வேறு அலுவலகம் புதுப்பித்தால், அது பழைய அலுவலகத்துக்குத் தகவல் தர வேண்டும் என்றுதான் சொல்கிறது.

ஆக, உங்களுக்கு இரண்டு வழிகள்.

முதல் வழி: தமிழ்நாட்டு முகவரியிலேயே வைத்துக்கொண்டு, ஆன்லைனில் தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுத்து ஊர் ஆர்டிஓ வழியாகப் புதுப்பிப்பது. கார்டு ஊர் முகவரிக்குத்தான் போகும். வீட்டில் அம்மா, அப்பா இருந்தால் வாங்கி வைப்பார்கள். ஆனால் எதற்காவது நேரில் வரச் சொன்னால் லீவு போட்டுவிட்டு ரயில் ஏற வேண்டியிருக்கும்.

இரண்டாவது வழி: மகாராஷ்டிராவைத் தேர்ந்தெடுத்து, ரினியூவலோடு முகவரி மாற்றத்தையும் ஒரே விண்ணப்பத்தில் சேர்த்துச் செய்வது. புனேயில் இன்னும் சில வருடம் இருக்கப் போகிறீர்கள் என்றால் இதுதான் நல்லது.

எந்த அலுவலகம் என்பது உங்கள் முகவரியைப் பொறுத்தது. ஹடப்ஸர், கராடி, கோத்ரூட் போன்ற புனே மாநகரப் பகுதிகள் சங்கம் பாலம் அருகே உள்ள புனே ஆர்டிஓவின் கீழ் வரும். வண்டி எண்ணில் எம்எச்-12. வாகட், பிம்ப்ளே சௌதாகர், நிக்டி போன்ற பகுதிகள் பிம்ப்ரி-சிஞ்ச்வட் ஆர்டிஓ, எம்எச்-14. நேரில் போக நேர்ந்தால் பலகைகள் பெரும்பாலும் மராத்தியில் இருக்கும். 'அனுஜ்ஞப்தி' என்றால் லைசென்ஸ், 'நூதனீகரண்' என்றால் புதுப்பித்தல். இந்த இரண்டு சொல் தெரிந்தால் சரியான கவுன்ட்டர் முன் நிற்கலாம்.

முதலில் சரிசெய்ய வேண்டியது ஆதார் முகவரி

நேரில் போகாமலே முடிக்கும் 'ஃபேஸ்லெஸ்' சேவைக்கு அடிப்படை ஆதார். தேர்வு தேவைப்படாத லைசென்ஸ் ரினியூவல், முகவரி மாற்றம், டூப்ளிகேட் லைசென்ஸ் உள்ளிட்ட 18 சேவைகளை ஆதார் சரிபார்ப்பு மூலம் வீட்டிலிருந்தே பெறலாம் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 மார்ச்சில் அறிவித்தது. 2022 செப்டம்பரில் இந்தப் பட்டியல் 58 சேவைகளாக நீண்டது.

இந்த முறையில் உங்கள் பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் ஆதாரிலிருந்தே எடுக்கப்படும். இங்கேதான் வெளியூர்க்காரர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ஆதாரில் மதுரை முகவரி இருக்கும்போது புனே முகவரிக்கு ஃபேஸ்லெஸ் முறையில் லைசென்ஸ் கேட்க முடியாது. இன்னொரு பிரச்சினை போன் நம்பர். ஆதாரில் பழைய நம்பர் இருந்தால் ஓடிபி வராது, விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் ஆதார் முகவரியை மாற்றப் பதிவு செய்யப்பட்ட வாடகை ஒப்பந்தத்தைக் கொடுக்கலாம். மகாராஷ்டிராவில் இதற்குப் பெயரே 'லீவ் அண்ட் லைசென்ஸ்' ஒப்பந்தம். 1999-ம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 55-வது பிரிவின்படி இதைப் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பொறுப்பு வீட்டு உரிமையாளருடையது. "பதிவெல்லாம் வேண்டாம், நோட்டரி போதும்" என்று உரிமையாளரோ புரோக்கரோ சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பின்னால் ஆதார், லைசென்ஸ், பாஸ்போர்ட் என்று எதற்குப் போனாலும் அந்தப் பதிவு கைகொடுக்கும்.

ஆதார் வழி வேண்டாம் என்றாலும் பரவாயில்லை. ஆதார் சரிபார்ப்பு கட்டாயமில்லை. பாஸ்போர்ட், வாக்காளர் அட்டை போன்ற புனே முகவரிச் சான்றை ஏற்றி, ஸ்லாட் எடுத்து, மூல ஆவணங்களுடன் ஆர்டிஓவுக்கு நேரில் போகலாம்.

விண்ணப்பிப்பது எப்படி?

மத்திய அரசின் பரிவாஹன் தளத்தில் 'சாரதி' என்ற பகுதிதான் லைசென்ஸுக்கானது.

1. மாநிலத்தைத் தேர்ந்தெடுங்கள். எந்த மாநிலத்தில் சேவை வேண்டுமோ அது.
2. டிரைவிங் லைசென்ஸ் சேவைகளுக்குள் போய் லைசென்ஸ் எண், பிறந்த தேதியைக் கொடுங்கள். பழைய பதிவு திரையில் வரும். பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, வண்டி வகைகள் சரியா என்று பாருங்கள்.
3. ரினியூவலையும், தேவையென்றால் முகவரி மாற்றத்தையும் தேர்ந்தெடுங்கள். விண்ணப்பம் படிவம் 2-ல் தானாக உருவாகும்.
4. உடல்தகுதி பற்றிய சுய அறிவிப்பான படிவம் 1-ஐ நிரப்புங்கள். 40 வயது ஆனவர்களுக்கும், போக்குவரத்து வாகன லைசென்ஸ் புதுப்பிப்பவர்களுக்கும் பதிவு பெற்ற மருத்துவர் தரும் படிவம் 1ஏ தேவை.
5. ஆவணங்கள், போட்டோ, கையெழுத்து ஆகியவற்றைக் கேட்டால் ஏற்றி, கட்டணம் செலுத்துங்கள்.
6. ஃபேஸ்லெஸ் இல்லையென்றால் ஸ்லாட் எடுங்கள். விண்ணப்ப எண்ணைப் பத்திரமாக வைத்திருங்கள். நிலை என்ன என்று அதே தளத்தில் பார்க்கலாம்.

லைசென்ஸ் எண்ணைக் கொடுத்தும் பதிவே வரவில்லை என்றால், உங்கள் பழைய புத்தக லைசென்ஸ் இன்னும் கணினியில் ஏறவில்லை என்று அர்த்தம். அதை ஏற்ற வேண்டியது முதலில் லைசென்ஸ் கொடுத்த ஆர்டிஓ. இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் ஊர் அலுவலகத்தைத் தொடர்புகொள்ளாமல் முடியாது. இதனால்தான் கடைசி வாரம் வரை காத்திருக்கக் கூடாது.

40 வயதை நெருங்குபவர்களுக்கு ஒரு குறிப்பு. 2019-க்குப் பிறகு எடுத்த பல கார்டுகள் 40-வது பிறந்தநாள் அன்று முடியும். மருத்துவச் சான்று கேட்பது 40 வயது ஆனவர்களிடம். ஆகவே பிறந்தநாளுக்கு முன்பே விண்ணப்பித்தால் சட்டப்படி சுய அறிவிப்பே போதும்.

எவ்வளவு செலவாகும்?

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2016 டிசம்பர் இறுதியில் நிர்ணயித்த கட்டணத்தின்படி ரினியூவலுக்கு 200 ரூபாய், ஸ்மார்ட் கார்டுக்கு 200 ரூபாய். முகவரி மாற்றம் சேர்ந்தால் அதற்கும் 200 ரூபாய். இதற்கு மேல் தபால் செலவோ மாநிலக் கட்டணமோ சேரலாம்.

தாமதமானால் ரினியூவல் கட்டணம் 300 ரூபாய் ஆகும்; கூடவே ஒவ்வொரு வருடத் தாமதத்துக்கும், அல்லது அதன் ஒரு பகுதிக்கும், 1,000 ரூபாய் கூடுதல். கட்டண விதியில் 'சலுகைக் காலம்' என்ற சொல் இன்னும் இருக்கிறது. அது கட்டணத்தைக் கணக்கிட மட்டும். அந்த நாட்களில் ஓட்டலாம் என்று அதற்கு அர்த்தமில்லை.

ஆர்டிஓ வாசலில் ஏஜென்ட்கள் இருப்பார்கள். மொழி தெரியாத ஊரில் அவர்களிடம் போவது சுலபம் என்று தோன்றும். ஆனால் இந்த வேலையில் அவர்கள் செய்வதும் இதே தளத்தில் இதே படிவத்தை நிரப்புவதுதான். உங்கள் ஆதார் ஓடிபியை வேறொருவரிடம் சொல்வது தனி ஆபத்து. வாட்ஸ்அப்பில் 'ஆர்டிஓ சலான்' என்ற பெயரில் வரும் ஆப் ஃபைல்களையும் திறக்காதீர்கள். அது பணத்தைத் திருடும் வழி.

கார்டு வரும் வரை என்ன செய்வது?

ரினியூவல் ஒப்புதல் ஆனதும் கார்டு அச்சாகி ஸ்பீட் போஸ்ட்டில் வரும். லைசென்ஸில் உள்ள முகவரிக்குத்தான் வரும் என்பதால், வீடு மாறும் நேரத்தில் விண்ணப்பிக்காமல் இருப்பது நல்லது.

கார்டு வரும் வரை டிஜிலாக்கர் அல்லது எம்பரிவாஹன் ஆப்பில் புதிய தேதி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஆப்களில் காட்டும் லைசென்ஸை அசல் கார்டுக்குச் சமமாக ஏற்க வேண்டும் என்று 2018-லேயே மத்திய அரசு சொல்லிவிட்டது. ஆனால் ஆப்பைத் திறந்து காட்டுங்கள். போன் கேலரியில் இருக்கும் பழைய போட்டோவுக்கு அந்த மதிப்பு கிடையாது. வெறும் விண்ணப்ப ரசீதும் லைசென்ஸ் ஆகாது.

ஆன்சைட் போகிறவர்கள், பெற்றோர், தமிழ்நாட்டு வண்டி

வெளிநாட்டு வேலைக்குப் போகப் போகிறீர்கள், அங்கே இருக்கும்போது லைசென்ஸ் முடியப் போகிறது என்றால், கிளம்பும் முன்பே புதுப்பித்துவிடுங்கள். முடிவுத் தேதிக்கு ஒரு வருடம் முன்பே விண்ணப்பிக்கலாம். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் அதிகபட்சம் ஒரு வருடம்தான். அதற்கு முன்பே இந்திய லைசென்ஸ் முடிந்தால் அதுவும் முடிந்துவிடும்.

ஊரில் இருக்கும் அப்பா, அம்மாவின் கார்டையும் பாருங்கள். 55 வயதுக்கு மேல் 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், மருத்துவச் சான்றும் வேண்டும். தினமும் ஸ்கூட்டரில் மார்க்கெட் போய்வரும் அப்பாவின் கார்டு எப்போதோ முடிந்திருக்கலாம். அடுத்த தடவை போன் பேசும்போது, "அப்பா, உங்க லைசென்ஸை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க" என்று கேட்டுவிடுங்கள்.

தமிழ்நாட்டுப் பதிவு எண் உள்ள வண்டி வேறு கதை. லைசென்ஸை மாற்ற வேண்டியதில்லை என்றாலும், வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்கும் வண்டிக்கு அந்த மாநிலப் பதிவு எண் வாங்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 47-வது பிரிவு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எப்போது விண்ணப்பிப்பது சரி?

ஒரு வருடம் முன்பே செய்யலாம் என்றாலும், புதிய காலம் புதுப்பித்த தேதியிலிருந்து தொடங்குவதால், ரொம்ப முன்னால் செய்தால் மீதி மாதங்கள் வீணாகலாம். கடைசி நாளுக்குத் தள்ளுவதும் ஆபத்து. 2024 ஜனவரி 31 முதல் பிப்ரவரி 12 வரை சாரதி தளமே முடங்கியது. அப்போது முடிந்த லைசென்ஸ்களுக்கு பிப்ரவரி 29 வரை அரசு அவகாசம் தர வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட அவகாசம் எல்லா தடவையும் வராது.

முடிவுத் தேதிக்கு இரண்டு, மூன்று மாதம் முன்பு தொடங்குவது வசதியாக இருக்கும். முகவரியை மாற்ற வேண்டியிருந்தால் ஆறு மாதம் முன்பே ஆதார் வேலையை ஆரம்பித்துவிடலாம்.

இப்போதே செய்ய வேண்டியது ஒன்றுதான்: பர்ஸிலிருந்து கார்டை எடுத்து, முடிவுத் தேதியைப் பார்த்து, அதற்கு மூன்று மாதம் முந்தைய ஒரு நாளை போன் காலண்டரில் குறித்துவையுங்கள். தேதி ஏற்கெனவே தாண்டியிருந்தால், இன்று மாலை வீட்டுக்கு மெட்ரோவிலோ ஆட்டோவிலோ போங்கள். புதிய தேதி ஆப்பில் தெரியும் வரை வண்டிச் சாவியைத் தொட வேண்டாம்.